வட்டத்தில் ஓராள் இடம்

மேடையிலிருந்து பார்க்கும்போது வட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது.

நாற்பது பேருக்குக் குறையாமல் தோளுயரத்தில் கைகோத்துச் சேற்றில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ்கள் புதைந்து புதைந்து எழும் சத்தம், தலைக்கு மேல் கட்டிய தார்ப்பாயில் மழை கொட்டும் சத்தம், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருமும் சத்தம், இத்தனைக்கும் மேலே தன் பிடிலும் தம்பியின் கம்பிப்பெட்டியும் கேட்கவேண்டுமே என்று ஸம்ஃபிரா வில்லை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். சுட்ட கறியின் புகை ஈரத்தில் மேலே போக வழியில்லாமல் தரையோடு படிந்து, நனைந்த கம்பளி நாற்றத்தோடு கலந்து மூக்கை அடைத்தது. தபால்காரர் தொப்பி வைத்த ஒருவருக்கும் பச்சைத் தலைத்துணி கட்டிய பெண்ணுக்கும் நடுவில்தான் அந்த இடைவெளி. சரியாக ஓர் ஆள் அகலம். அது கூடப் பெரிதில்லை, யாராவது ஒதுங்கப் போயிருக்கலாம். ஆனால் அந்த இருவரும் கையைத் தொங்கவிடவில்லை. அவர் ஒரு கையும் அவள் ஒரு கையும் தோளுயரத்தில் நின்றன, விரல்கள் எதையோ பற்றியதுபோல் மடங்கியிருந்தன.

குட்டை தேங்கியிருக்கும், அதைச் சுற்றிப் போகிறார்கள் என்று நினைத்தாள். வட்டம் நகர்ந்தது. குட்டை இருந்த இடத்தில் இருந்தது. இடைவெளி மட்டும் அவர்களோடு நகர்ந்து மேடைக்கு முன்னால் வந்து, கடந்து, அந்தப்பக்கம் போனது.

"அக்கா, வேகம் ஏறுது" என்றான் பின்னாலிருந்து தோரினெல். அவள் தம்பி. நூற்றுச் சொச்சம் கம்பிகள் கட்டிய அந்த மரப்பெட்டியைப் பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்டுவதில் ஓல்தேனியா மாவட்டங்கள் முழுக்க அவனுக்கு நிகர் இல்லை என்பது அவள் கட்சி. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவன் சளிக்கும் காய்ச்சலுக்கும் பொறுப்பு இவள்தான். வரும் இலையுதிர் காலத்தில் அவனுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகாவது என்னை விட்டுத் தொலை என்று தினம் ஒருமுறை சொல்லுவாள்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் நடந்தது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

அந்த மலைப்பக்கத்தில் யாராவது இறந்துபோனால், வருஷம் திரும்புவதற்குள் வீட்டார் அவர் பெயரில் ஓர் ஆட்டம் கொடுப்பார்கள். ரொட்டியும் துணியும் தானம் கொடுப்பதுபோல ஆட்டமும் ஒரு தானம். பிடில்காரர் இறந்தவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டு ஆரம்பிக்க வேண்டும். வாசிப்பு நின்றதும் முன்னால் ஆடுபவர் "இது இன்னாருக்கு" என்பார், எல்லோரும் "ஏத்துக்கட்டும்" என்பார்கள். அந்தச் சொல்லோடு ஆட்டம் இறந்தவரைச் சேர்ந்துவிடும், அவரும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். செர்பெனி ஊர் விழாக்காரர்கள் இதைத்தான் சனிக்கிழமை நிகழ்ச்சியில், பாலாடைக்கட்டிப் போட்டிக்கும் உடையலங்காரப் போட்டிக்கும் நடுவில், அச்சடித்து வைத்திருந்தார்கள்.

"ஜூரிக்கு இதான் புடிக்கும், ஸம்ஃபிரா. அசல் சரக்கு" என்றார் விழாவை நடத்த நகரத்திலிருந்து வந்திருந்த வெதுரியா மேடம்.

"யார் பேரைக் கூப்பிடறது மேடம்?"

"யார் பேரையாவது கூப்பிடும்மா. செத்தவங்களுக்கா பஞ்சம்?"

அப்போதுதான் ஸ்தான்கா மேடையோரம் வந்தாள். அறுபது வயதிருக்கும், கறுப்புத் தலைத்துணி, கையில் சிவப்புக் கைக்குட்டை. அந்த ஊரில் வட்டத்தின் தலையில் ஆடுபவள் அவள்தான். "என் மகன் மிரோனுக்கு வர்ற வாரம் வருஷம் திரும்புதும்மா. நான் தனி ஆளு, ஆட்டம் கொடுக்க வக்கில்லாமக் கெடக்கேன். இன்னிக்கு ஊரே கூடியிருக்கு. அவன் பேரைக் கூப்பிடேன்" என்றாள்.

ஸம்ஃபிராவுக்கு அது பிடிக்கவில்லை. மார்க் போடுகிற ஆட்டத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளையின் பெயரைக் கொண்டுபோய் விடுவதா? "வேணாம் அத்தை. இது போட்டி. அவனுக்கு மரியாதை இல்ல. நாளைக்கு உங்க வீட்டுக்கே வந்து வாசிக்கிறேன்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஸ்தான்கா அவளையே பார்த்தாள். "அப்ப யாருக்கு இது?" என்று கேட்டாள்.

"எனக்கு!" என்றான் தோரினெல், குச்சியைச் சுழற்றிக்கொண்டே. "என் பேரைக் கூப்பிடுக்கா. உசிரோட இருக்கிறவன் பேரைச் சொன்னா எந்தப் பொணம் கோவிச்சுக்கப் போகுது?"

"வாயைக் கழுவுடா."

ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது. மூன்று ஜூரிகள் மூன்று குடைகளுக்குக் கீழே பேனாவோடு காத்திருந்தார்கள். அவள் யோசித்த பெயருக்கெல்லாம் எங்கோ ஒரு கல்லறை இருந்தது, அழ ஒரு வீடு இருந்தது. எந்தச் செத்தவரையும் தொந்தரவு செய்யாத பெயர் அந்த நிமிஷத்தில் ஒன்றுதான் அவள் நாக்கில் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறைக்குத் தோரினெல் எழுந்து நின்று, "இதோ வந்துட்டேன்!" என்று கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்தான்கா மட்டும் சிரிக்காமல் கைக்குட்டையை உதறிக்கொண்டு வட்டத்தின் தலைக்குப் போனாள்.

இப்போது அந்த இடைவெளி நாலாவது முறையாக மேடைக்கு முன்னால் வந்தது. ஸம்ஃபிரா எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து, கம்பம் ஒடிந்து, பாதிப் பந்தல் கீழே வந்தது. ஜெனரேட்டரை யாரோ அணைத்தார்கள். ஜனம் சிதறி ஓடியது. அவள் பிடிலை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

திடல் காலியானதும் ஸ்தான்கா மட்டும் கொட்டுகிற மழையில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"முடிக்கலையேம்மா" என்றாள்.

அன்று சாயங்காலமே கிளம்பியிருப்பார்கள். ஆனால் ஊருக்கு இருப்பது ஒரே பாலம், அதன் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பஸ் டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "என் பொண்டாட்டி என்னை இன்னும் கொஞ்ச நாள் வச்சிக்கணும்னு ஆசைப்படறா" என்று சொல்லி என்ஜினை அணைத்துவிட்டார். கலைஞர்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கச் சொன்னார்கள். சாப்பாடு ஊர் மன்றக் கூடத்தில்.

கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். சோளக்களி, பீன்ஸ் சூப், பிளம் சாராயம். ஈரக் கோட்டுகளிலிருந்து எழுந்த ஆவியில் ஜன்னல்கள் வெளுத்திருந்தன. தோரினெல் கம்பிப்பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பிந்தி வந்தான். ஸம்ஃபிரா அவனைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு வெளியே பார்த்தாள். மழை ஓயவில்லை. அவன் சட்டையில், தலைமுடியில், காலணியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எப்படிடா வந்த?"

"நடந்துதான்."

எதிரே சூப் ஊற்றிய பெண் இவளிடம் குனிந்து, "உங்க தம்பி என்ன அழகா வாசிச்சிட்டிருந்தாருங்க" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது.

"வாசிச்சிட்டிருந்தாரா? இப்பவும் வாசிக்கிறான். இதோ உக்காந்திருக்கான்."

"ஆமாங்க. இந்த வயசுல" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அவள் தோளை ஒருமுறை தடவிக்கொடுத்துப் போனாள். தோரினெல் வாய்விட்டுச் சிரித்தான். "விடுக்கா, சாராயம் பேசுது" என்றான். அவனுக்கு அவள் சூப் ஊற்றவே இல்லை என்பதை ஸம்ஃபிரா அப்புறம்தான் கவனித்தாள்.

அவனுக்கு வந்தது வேறு. ஸ்தான்கா ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை, இழவு வீட்டில் செய்வது. நடுவில் மெழுகுவர்த்தி எரிந்தது. அதை அவன் கையில் கொடுக்காமல், அவனைப் பார்க்காமல், அவனுக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

ஸம்ஃபிரா எழுந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். "என்ன அத்தை இது? விளையாட்டுக்குச் சொன்னதை வச்சிக்கிட்டு..."

ஸ்தான்கா பாவாடைப் பையிலிருந்து தீப்பெட்டி எடுத்து மறுபடி ஏற்றினாள். கோபம் இல்லை. பொறுமையாக, காற்று அணைத்த விளக்கை ஏற்றுவதுபோலத்தான் ஏற்றினாள்.

கூடத்தில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸம்ஃபிரா தட்டைத் தள்ளிவிடத் திரும்பினாள். தோரினெல் அதற்குள் பாதியைச் சாப்பிட்டிருந்தான்.

"நல்லா இருக்குக்கா" என்றான்.

விடிந்ததும் அவள்தான் முதலில் விழித்தாள். வகுப்பறை முழுக்கச் சுண்ணாம்புக்கட்டி வாசனையும் ஈரச் சாக்ஸ் நாற்றமும். கூரையில் மழை சீராக, அவசரமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. பழக்கத்தில் கை பிடில் பெட்டிக்குப் போனது. இந்த ஈரத்தில் தந்தி முறுக்கும் பிருடைகள் நழுவியிருக்கும் என்று தெரியும், நழுவித்தான் இருந்தன. நாலு தந்தியும் தொளதொளவென்று கிடந்தன. தம்பியின் பெட்டியைப் பற்றிக் கவலை வந்தது. மழைநாளில் அந்த நூற்றுச் சொச்சம் கம்பிகளையும் சுருதி சேர்க்க அவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அவன் வாயில் நல்ல வார்த்தை வராது. எழுந்துபோய் ஒரு கம்பியை நகத்தால் சுண்டினாள். சுத்தமாக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றுகூட இறங்கவில்லை. பெட்டியின் மரம் கோடையில் உள்ளறையில் இருந்ததுபோல் காய்ந்து கிடந்தது.

திரும்பி அவன் கட்டிலைப் பார்த்தாள்.

மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். போர்வை விலகியிருந்தது. அவன் கைகள் இரண்டும் தோளுக்குப் பக்கத்தில், முழங்கை மடங்கி, அந்தரத்தில் நின்றன. விரல்கள் மடங்கியிருந்தன.

"தோரினெல்."

மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. விறைத்த கை அல்ல. விறைப்பு என்றால் அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். இவள் இழுத்தபோது அங்கேயும் இழுத்தார்கள், மெதுவாக, ஆட்டத்தில் பக்கத்து ஆள் தாளத்துக்கு இழுப்பதுபோல. ஒன்று, இரண்டு, சின்ன நிறுத்தம். ஒன்று, இரண்டு. நேற்று அவள் வாசித்த அதே தாளம்.

மூன்றாவது முறை அவன் பெயரைச் சொல்லி அவள் கத்தியபோதுதான் கண் திறந்தான். கைகள் தொப்பென்று விழுந்தன.

"என்னக்கா? காலெல்லாம் வலிக்குது" என்றான்.

அவள் அவனைச் சட்டை போடவைத்து, தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். இசைக்கருவிகள் கிடக்கட்டும். ஆறு நேற்றைவிட ஏறியிருந்தது. பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. ஒரு வேலிக்கதவு மிதந்து வந்து அதில் மோதி, திரும்பி, அடியில் போனது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவள் காலை வைக்கத்தான் போனாள். தோரினெல் நகரவில்லை.

"வாடா."

"வட்டத்தை விட்டு நடுவுல போகக் கூடாதுக்கா" என்றான், தெரியாதவளுக்குச் சொல்லித் தருவதுபோல. மழை அவனைச் சுற்றிப் பெய்துகொண்டிருந்தது.

ஸம்ஃபிரா அழுதுகொண்டே ஸ்தான்கா வீட்டைத் தேடிப் போனாள். ஸ்தான்கா அடுப்படியில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் மிரோனின் படம், இருபத்தைந்து வயதிருக்கும், காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும் பையன்.

"அத்தை, நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடுங்க. இன்னிக்கு மிரோன் பேரைக் கூப்பிட்டு வாசிக்கிறேன். ஆட்டம் முடிஞ்சதும் அவன் பேரைச் சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

ஸ்தான்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைத் தொட்டாள். "நேத்து நான் கேட்டேன். நீ தரல. உன் தம்பிக்குக் குடுத்துக்கிட்ட. எனக்கு அதுல வருத்தம் இல்ல. இப்ப வந்து கேட்டா எப்படிம்மா? இடம் நிரம்பிடுச்சே."

"அவன் உயிரோட இருக்கான்!"

"கூப்பிட்டதும் வந்தான்ல?" என்றாள் ஸ்தான்கா. பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில், "என் மிரோன் ஒரு வருஷமாத் தனியா நிக்கறான். உன் பையன் வந்தா ரெண்டு பேருமாப் பேசிக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

அவள் நல்லவள். அதுதான் ஸம்ஃபிராவுக்குத் தாங்கவில்லை. வெறுக்கக்கூட ஆள் இல்லாமல் வெளியே வந்தாள்.

சரி, வாசிக்கவே மாட்டேன் என்று முடிவு கட்டினாள். வாசித்தால்தானே முடியும், முடிந்தால்தானே அந்தச் சொல். பள்ளிக்கூட வாசலில் வெதுரியா மேடம் கையில் தாளோடு நின்றார். மழையால் எல்லாவற்றையும் மன்றக் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது, பதினொரு மணிக்கு நேற்று அறுந்த ஆட்டத்தை முடித்துவிடலாம், ஜூரி காத்திருக்கிறது என்றார்.

"என்னால முடியாது மேடம். உடம்பு சரியில்ல."

"பரவாயில்லம்மா, ரெஸ்ட் எடு. அந்த லுகோய் குரூப்புல ஒரு பிடில்காரர் இருக்கார், அவர் வாசிச்சு முடிச்சிடுவார். மூணே நிமிஷம்தானே?"

மூன்று நிமிஷம். யாரோ ஒரு வழிப்போக்கன், இவள் தம்பி யாரென்று தெரியாதவன், மூன்று நிமிஷம் வாசித்து வில்லை எடுத்துவிடுவான். வில் தன் கையில் இருக்கிறவரைக்கும் முடிவும் தன் கையில்தான் என்று அப்போது புரிந்தது.

"வேணாம் மேடம். நானே வாசிக்கிறேன்" என்றாள்.

கூடத்தில் மேசைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கே விளக்கு போடவேண்டியிருந்தது. மழை உள்ளே அடிக்கிறதென்று கதவுகளைச் சாத்தி, பிறகு தாழும் போட்டார்கள். பலகைத் தரையில் மெழுகு வாசனை. நேற்றிருந்த நாற்பது பேர் இன்று அறுபது எழுபது ஆகியிருந்தார்கள். ஸ்தான்கா தலையில் நின்றாள். தபால்காரருக்கும் பச்சைத் தலைத்துணிக்காரிக்கும் நடுவில் அந்த இடம் இருந்தது. இப்போது யாரும் அதை மறைக்கக்கூட முயலவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுங்கிக் கொடுத்திருந்தார்கள்.

அவள் பிடிலைத் தாடைக்குக் கொடுத்தாள். குங்கிலியம் தடவிய வில்லைத் தந்தியில் வைத்தாள். மேடையில் தம்பி பின்னால் இருந்தான். அவன் குச்சிகள் கம்பியில் விழும் சத்தம் கேட்டது. பதினைந்து வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தம். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில் அந்தச் சத்தம் நின்றது. குச்சிகள் இரண்டும் பெட்டி மேல் வைக்கப்படுவது கேட்டது.

"தோரினெல், உக்காரு" என்றாள் திரும்பாமல்.

அவன் அவளைக் கடந்து படியிறங்கினான். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். பிடிக்க வேண்டுமென்றால் வில்லை விடவேண்டும். வில்லை விட்டால் வாசிப்பு நிற்கும்.

அவன் வட்டத்துக்குள் போனான். இடத்தில் நின்றான். இரண்டு பக்கமும் கைகள் வந்து அவன் கைகளைப் பற்றின. சரியாக இருந்தது. ஒரு விரற்கடை மிச்சமில்லை.

வாசித்தாள்.

மூன்று நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஸ்தான்கா அவ்வப்போது மேடையைப் பார்த்தாள், கல்யாண வீட்டில் பந்தி எப்போது முடியும் என்று பார்ப்பதுபோல, சாவகாசமாக. ஸம்ஃபிரா பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி முதலிலிருந்து. ஒரு ஜூரி எழுந்து வட்டத்தில் சேர்ந்தார். அப்புறம் மற்ற இருவரும். வெதுரியா மேடம் தாளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்க் கைகோத்தார். நாற்காலிகள் எல்லாம் காலி. கேட்பதற்கு யாரும் இல்லை, ஆடுவதற்குத்தான் எல்லோரும்.

"யாராவது கதவைத் தெறங்க!" என்று கத்தினாள். "அவன் நெஞ்சைப் பாருங்க! மூச்சு விடறான் பாருங்க!"

பார்த்தார்கள். தலையாட்டினார்கள். பாவம், அக்காக்காரி, என்பதுபோல.

சன்னத் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. மூன்றில் வாசித்தாள். கழுத்தில் சூடாக ஏதோ வழிந்தது. ஜன்னலில் வெளிச்சம் இருந்ததா, போய்விட்டதா தெரியவில்லை. மழை மட்டும் இருந்தது. இடது கை விரல்நுனிகள் பிளந்தன. அடுத்த தந்தி. இரண்டில் வாசித்தாள். பாட்டு பாதிதான் வந்தது. அவர்களுக்குப் பாதி போதுமாயிருந்தது.

தோரினெல் முன்னால் வந்தான். கடந்தான். சுற்றி வந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவன் காலடி மட்டும் பலகையில் கேட்கவில்லை. எழுபது பேர் காலடியும் கேட்டது. அவனுடையது இல்லை. அவனுக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தாள். ஒரு பக்கம் பச்சைத் தலைத்துணி. மறுபக்கம் தபால்காரர் இல்லை. காது விடைத்த ஒரு பையன்.

மூன்றாவது தந்தி.

ஒன்றில் வாசித்தாள். ஒரே சுரம். ஒன்று, இரண்டு, நிறுத்தம். ஒன்று, இரண்டு. தோள் செத்துப்போயிருந்தது. கை தானாகப் போய் வந்தது. கடவுளே, கை நிற்கக் கூடாது. ஆறு வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கை. நிற்கக் கூடாது.

கடைசித் தந்தி அறுந்தது.

தந்திகளைத் தாங்கியிருந்த குதிரைக்கட்டை சாய்ந்து விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. வெறும் மரத்தில் வில்லைத் தேய்த்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அதற்கும் ஆடினார்கள். மெதுவாக. இன்னும் மெதுவாக. வில்லின் முடிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய் அவள் மணிக்கட்டில் தொங்கின. வட்டம் நெருங்கி மேடையைச் சுற்றிக்கொண்டது. முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஸ்தான்கா கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தாள்.

அப்போதுதான் தம்பி முதல்முறையாக அவளைப் பார்த்தான்.

"போதும்க்கா. கை வலிக்கும்" என்றான்.

அவன் குரல்தான். சளியோடு இருக்கும்போது சீண்டுகிற அதே குரல். ஆனால் அவன் உதடு அசையவில்லை. அவன் வாய், மற்ற எல்லோருடைய வாயையும் போல, அந்தச் சொல்லைச் சொல்ல ஏற்கெனவே திறந்திருந்தது.

வில்லில் இன்னும் ஆறேழு முடி மிச்சமிருந்தது.